கேபின் ஜன்னலிலிருந்து கயோட்டி வேட்டை: தெர்மலா, டிஜிட்டல் நைட் விஷனா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் டிசம்பர் 16 முதல் ஆகஸ்ட் 31 வரை, ஓநாய்க்கு உறவான கயோட்டி என்ற காட்டு விலங்கை இரவிலும் வேட்டையாடலாம். தனி அனுமதிச் சீட்டு வேண்டும். விலங்கை அழைக்கும் ஊதலோ கருவியோ கூடவே இருக்க வேண்டும். பனிக்காலத்தில் பலர் செய்வது, கேபினுக்கு எதிரே வெட்டவெளியில் இரையைப் போட்டுவிட்டு, உள்ளே விளக்கை அணைத்து ஜன்னலோரம் காத்திருப்பது. அதற்குத் துப்பாக்கி மேல் பொருத்த எந்த ஸ்கோப் (குறிநோக்கி) என்று கேட்டால், வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் என்றுதான் முதலில் சொல்வார்கள். நான், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கொளியில் கேமரா போலப் படம் காட்டும் டிஜிட்டல் நைட் விஷன் என்பேன்.

முதல் காரணம் ஜன்னல் கண்ணாடி. தெர்மல் பார்ப்பது உடல் வெப்பம் உமிழும் 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைகளை. சாதாரணக் கண்ணாடி அவற்றை விடாது. வெளியே கயோட்டி நின்றாலும் தெரியாது. அதனால் இரவு முழுக்க ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். அடுப்புச் சூடு வெளியே ஓடும், லென்ஸில் ஆவி படியும், குளிர் உங்களைச் சீக்கிரம் எழுப்பிவிடும். டிஜிட்டலுக்கு அகச்சிவப்பு விளக்கைக் கூரை விளிம்பில் வெளியே தனியாகப் பொருத்திவிட்டால் போதும். அது உள்ளே இருந்தால்தான் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கண்ணை மறைக்கும். மூடிய ஜன்னல் வழியாகவே கவனித்து, சுடும் நேரத்தில் மட்டும் திறக்கலாம். கீல் சத்தம் போடாதபடி முன்பே எண்ணெய் விட்டு வையுங்கள், கயோட்டியின் காது அப்படி.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்: எதிரே நிற்பது எது? மெய்னில் உள்ள கிழக்குக் கயோட்டி 14, 18 கிலோ வரும். பக்கத்து வீட்டு நாயும் அதே அளவு இருக்கலாம். கனடா லிங்க்ஸ் பூனை 2000-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, அது மெய்ன் காடுகளிலும் உண்டு. விலை குறைந்த தெர்மலில் தெரிவது வெள்ளையாக ஒரு வடிவம்தான். டிஜிட்டலில் ரோமம், வால், காது, நாயின் கழுத்துப்பட்டை எல்லாம் தெரியும். அடையாளம் உறுதியாகாமல் விசையைத் தொடவே கூடாது. அதோடு இரை கிடக்கும் தூரத்தை நீங்களே முடிவு செய்கிறீர்கள். 80, 100 மீட்டருக்குள் வைத்தால் தெர்மலின் தொலைதூரப் பலத்துக்கு இங்கே வேலையே இல்லை.

சரி, தெர்மல் ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. பனி கொட்டும் இரவில் அகச்சிவப்பு ஒளி ஒவ்வொரு துகளிலும் பட்டுத் திரும்பி, படமே வெள்ளையாகிவிடும். தெர்மல் அப்போதும் ஓரளவு சமாளிக்கும். இரையை நெருங்குமுன், இரையைத் தாண்டிக் காற்று வீசிச் செல்லும் பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிப்பது கயோட்டியின் வழக்கம். மர வரிசை ஓரமாக அது வருவதை முதலில் காட்டுவது தெர்மல்தான். அதற்கு ஸ்கோப் வேண்டாம், கையடக்கத் தெர்மல் ஒன்றைத் திண்ணையில் நின்று பயன்படுத்தினால் போதும்.

நிலவை நம்பும் பழைய வழி? 8x56 ஸ்கோப் (8 மடங்கு பெரிதாக்கும், 56 மி.மீ. முன்லென்ஸ் கொண்ட சாதாரண ஸ்கோப்), முழு நிலா, தரை நிறையப் பனி இருந்தால் அருமை. பேட்டரியும் வேண்டாம். ஆனால் மாதத்தில் சில இரவுகள்தான் அப்படி அமையும், மர நிழலில் நிற்பதும் தெரியாது.

எதை வாங்கினாலும் துப்பாக்கியைக் குளிர்ந்த இடத்திலிருந்து நேராகச் சூடான அறைக்குக் கொண்டுவராதீர்கள், கண்ணாடியில் ஆவி படியும். மாற்று பேட்டரியை மட்டும் சட்டைப்பையில் உடல் சூட்டோடு வைத்திருங்கள். லித்தியம் அயான் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும்.