சென்னை டிராபிக்குக்குக் கூகுள் மேப்: கலரை எவ்வளவு நம்பலாம்?

வழி தெரியாத இடத்துக்குப் போகத்தான் மேப் என்பவர்களுக்கு இது இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடக்கூடிய ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்துக்கே கிளம்புமுன் கூகுள் மேப்பைத் திறந்து டிராபிக் கலரைப் பார்க்கிற ஆள் நான், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இலவசம் என்கிறார்கள், ஆனால் நாம் இருக்கும் இடத்தைக் கொடுத்துத்தான் வாங்குகிறோம். ரோட்டில் போகிறவர்களின் ஃபோன்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று சேர்த்துப் பார்த்துத்தான் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, ரொம்ப மோசமென்றால் கருஞ்சிவப்பு என்று கோடு போடுகிறது. 2020ல் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர் 99 ஃபோன்களை ஒரு குட்டி வண்டியில் போட்டு பெர்லின் தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார், காலித் தெரு மேப்பில் சிவப்பாகிவிட்டது. இந்தியா மாதிரி சில நாடுகளில் காரையும் பைக்கையும் பிரித்துப் பார்க்கிறோம், இழுவண்டிதான் இன்னும் பிடிபடவில்லை என்று கூகுள் தரப்பில் சிரிப்பாகவே பதில் வந்தது.

நமக்கு அந்தப் பிரிவு முக்கியம். கார்கள் அசையாமல் நிற்கும்போது பைக்குகள் இடுக்கில் புகுந்து போய்க்கொண்டே இருக்கும் ஊர் இது. அதனால் பைக்கில் போகிறவர்கள் மறக்காமல் டூவீலர் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், 2017 கடைசியிலேயே இந்தியாவில் வந்துவிட்டது, இன்னும் கார் மோடிலேயே நேரம் பார்ப்பவர்கள் நிறைய.

சிவப்பு என்றால் பொதுவாக நம்பலாம். ஏன் சிவப்பு என்பதுதான் பெரும்பாலும் தெரியாது: சிக்னலா, தண்ணி லாரி படுத்துவிட்டதா, ஸ்கூல் விடும் நேரமா, நாம்தான் யூகிக்க வேண்டும். கலரே இல்லாத தெருவைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். அங்கே காலி என்று அர்த்தமில்லை, சொல்வதற்குப் போதுமான தகவல் இல்லை, அவ்வளவுதான். மெயின் ரோடு சிவந்ததும் ஆப் காட்டுகிற உள்தெருவுக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினால் அந்தத் தெருக்காரர்கள் பாடு என்ன ஆகும் என்று தனியாக எழுதலாம். பாலம் இன்னொரு தலைவலி. கத்திப்பாரா மேம்பாலம் மாதிரி இடத்தில் மேலே போகிற ஃபோன், கீழே போகிற ஃபோன் இரண்டும் வானத்திலிருந்து பார்த்தால் ஒரே புள்ளி. பாலத்தில் ஏற வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லும் வசதி 2024ல் வந்தது, நல்ல விஷயம், ஆனாலும் போர்டைப் பார்த்து ஓட்டுவதே உத்தமம். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், அதற்காக ரோட்டை அடிக்கடி திருப்பிவிடுகிறார்கள், இன்று காலை வைத்த பேரிகேடு மேப்புக்கும் உடனே தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உண்மையில் எனக்கு ரொம்பப் பிடித்தது நேரலைக் கலர் இல்லை. கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து டிராபிக்கை ஆன் செய்தால் கீழே ஒரு சின்னப் பட்டை வரும், அதில் வழக்கமான டிராபிக் என்பதைத் தேர்ந்தெடுத்து கிழமையும் நேரமும் மாற்றிப் பாருங்கள். திங்கள் காலை எட்டரைக்கு மத்திய கைலாஷ் சந்திப்பு எப்படி இருக்கும், அதையே ஏழரைக்கு நகர்த்தினால் என்ன ஆகும் என்று கண்ணுக்குத் தெரியும். வீடு பார்க்கிறவர்கள், வேலை மாறுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்தாக வேண்டும், புரோக்கர் சொல்கிற ‘பத்து நிமிஷம் சார்’ எந்த நேரத்துப் பத்து நிமிஷம் என்று புரிந்துவிடும்.

பண்டிகை நாளுக்கு மட்டும் இந்த வழக்கக் கணக்கு உதவாது. வெளியூர் பஸ்களுக்காகக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்த பிறகும் பொங்கல், தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் தெற்கே போகும் ஜிஎஸ்டி ரோடு தாம்பரம் தாண்டிக் கருஞ்சிவப்புதான். அன்றைக்கு கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு போகும் பாதையின் நேரலைக் கலரைப் பாருங்கள், அதுவும் சிவந்திருந்தால் வீட்டிலேயே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்கு மேல் கிளம்புங்கள்.