அதே ஸ்பீக்கர், வேறு அறை: நான்கு வருட அனுபவம்

திருச்சியில் நாங்கள் இருந்தது ஓட்டு வீடு. ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், இதுதான் என் செட். அதில் தவில் கேட்டால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். நான்கு வருடத்துக்கு முன் மதுரையில் அபார்ட்மென்டுக்குக் குடிவந்தோம். அதே செட்டை அதே வயர்களோடு மாட்டினேன். முதல் நாளே அம்மா கேட்டார், "என்னப்பா, பாட்டு கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு?"

அம்மா சொன்னது சரி. கர்நாடகப் பாடகர் எம்.டி. ராமநாதன் கீழே இறங்கிப் பாடும்போது ஒரு ஸ்வரம் அறையையே நிரப்பியது, அடுத்த ஸ்வரம் காணாமல் போனது. தவில் குழைந்தது. 'ச' வரும் இடமெல்லாம் காதில் குத்தியது. லாரியில் வரும்போது ஸ்பீக்கர் அடிபட்டிருக்குமோ என்று பயந்து ஒரு கடையில் காட்டினேன். ஆம்ப்ளிஃபையரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். முழக்கம் அப்படியே இருந்தது. அந்தச் செலவை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஒரு நாள் செட்டை அணைத்துவிட்டு அறை நடுவில் நின்று கை தட்டினேன். தட்டல் முடிந்த பிறகும் 'டர்ர்ர்' என்று தகரத்தைச் சுண்டியது போல ஓர் அதிர்வு. எதிரும் புதிருமாக இரண்டு வெற்றுச் சுவர், கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட். அப்போதுதான் டேப்பை எடுத்து அறையை அளந்தேன்: 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம்.

ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. எந்த ஒலியின் அலைநீளத்தில் பாதி, இரண்டு சுவருக்கு நடுவே சரியாக அடங்குகிறதோ, அந்த ஒலி அங்கேயே நின்று பெருகும். 12 அடிக்கு அது 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57. என் அறையில் அகலமும் உயரமும் ஒன்று என்பதால் 57 இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து வீங்குகிறது. அதன் இரட்டிப்பான 113-ம் அப்படித்தான், கனத்த ஆண்குரல் புழங்கும் இடம் அது. ஓட்டு வீட்டில் கூரை சரிவு, ஓட்டு இடுக்கு வழியாக பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, வெளியே போய்விடும். கான்கிரீட் அதை வெளியே விடுவதில்லை.

ஹார்வர்டில் வாலஸ் சபின் 1895-ல் தொடங்கிய சோதனைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். பேச்சு புரியாத ஒரு விரிவுரை மண்டபத்துக்குள் பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று இரவு இரவாக அளந்தார். ஒலியை உறிஞ்சும் அளவைக் குறிக்க அவர் எடுத்துக்கொண்ட அலகு, திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பாதல்லவா? நானும் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டேன். கூச்சல் குறைந்தது, ஆனால் பஸ் ஹாரன் உள்ளே வந்தது.

ஒலியை அடக்கும் என்று நம்பிச் சுவரில் முட்டை அட்டையை மட்டும் ஒட்டாதீர்கள். மெல்லிய ஃபோமும் பேஸுக்கு உதவாது. 57 ஹெர்ட்ஸ் அலையில் கால்பங்கே ஒன்றரை மீட்டர், ஓர் அங்குல ஃபோம் அதை என்ன செய்யும்? பவானி ஜமக்காளம் விரித்து, கனமான திரை போட்டதில் 'டர்ர்' போனது, குத்தலும் தணிந்தது. முழக்கம் அசையவில்லை.

அதற்கு ராக்வூல்தான் கைகொடுத்தது, பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு அது. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 4 அடிக்கு 2 அடி பலகை. இரண்டிரண்டாக அடுக்கி 4 அங்குல கனத்தில் மரச்சட்டம் போட்டேன். கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம், அரிப்பு தாங்காது. மேலே போர்த்தும் துணியில் காற்று நுழைய வேண்டும். ஜவுளிக் கடையில் ஒவ்வொரு துணியையும் வாயருகே பிடித்து ஊதி, மறுபக்கம் உள்ளங்கையில் காற்று படுகிறதா என்று பார்த்தேன். கடைசியில் தேறியது சாதாரணக் கைத்தறிப் பருத்திதான். ஸ்பீக்கருக்குப் பின்னால் மூலைக்கு ஒன்று. பக்கச் சுவர்களுக்கு இடம் பார்க்க, என் மனைவி சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அதில் ஸ்பீக்கர் தெரிந்த இடத்தில் சுவருக்கு ஒரு பலகை.

அப்புறம் நாற்காலி. பின் சுவரில் முதுகு ஒட்ட உட்கார்ந்தால் பேஸ் ஊதும், நட்ட நடுவில் உட்கார்ந்தால் 47 காணாமல் போகும். இரண்டுக்கும் இடையில், பின் சுவரிலிருந்து நாலரை அடியில் எனக்கு அமைந்தது. இதற்குக் காசே ஆகவில்லை. பலகைகளுக்கு இணையான பலன் இதில் கிடைத்தது என்பேன்.

அளப்பதற்கு யூமிக்-1 மைக்கும் ரூம் இக்யூ விசர்ட் என்ற இலவச மென்பொருளும் போதும். 57-ல் மிச்சமிருந்த மேட்டை ஈக்வலைசரில் 5 டெசிபல் குறைத்தேன். பள்ளங்களைத் தூக்கப் பார்க்காதீர்கள், ஆம்ப்ளிஃபையர்தான் திணறும். ஒரு விர்ர் சத்தம் மட்டும் போகாமல் இருந்தது. பீரோ கைப்பிடியை விரலால் அழுத்தினேன், நின்றது. ஒரு துண்டு ரப்பர் வைத்துவிட்டேன்.

இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு மூலைப் பலகைக்குப் பின்னால் சுவர் பூத்திருந்தது. சுவரோடு ஒட்டி வைத்தது என் தவறு. இப்போது எல்லாவற்றுக்கும் 2 அங்குலம் இடைவெளி விட்டிருக்கிறேன்.

இன்று தவில் மறுபடியும் அடி அடியாக விழுகிறது. பின் சுவர் ஓரம், அம்மாவின் நாற்காலி இருக்கும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் ஊதுகிறது. முட்டி வலியால் அவர் சுவரில் சாய்ந்துதான் உட்கார முடியும். அங்கே வைக்க ஐந்தாவது சட்டத்துக்கு மரம் அறுக்கக் கொடுத்திருக்கிறேன்.