ஹார்ட் டிஸ்க் மீட்புக் கடையில் பணம் கட்டுமுன் கோப்பைத் திறந்து பாருங்கள்

காங்கேயத்தில் அரிசி மண்டி நடத்தும் என் மாமாவின் அலுவலகக் கணினி பழுதானபோது, அதைச் சரிசெய்து தருவதாகப் பணம் வாங்கிய இரண்டு தரப்பினரின் பொறுப்பின்மையால் மூன்று ஆண்டுக் கணக்கு அழிந்துபோனது. இதே நிலையில் இன்று இருப்பவர்களின் தரவாவது தப்ப வேண்டும் என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயர்களைக் குறிப்பிடவில்லை.

மண்டியின் கணினிகளை ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கவனித்துவந்தவர், டேலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள கணக்கு தினமும் மாலையில் தானாகவே பேக்கப் ஆகும்படி அமைத்துத் தந்து, அதற்கெனத் தனிக் கட்டணமும் வாங்கியிருந்தார். கணினி திணறத் தொடங்கி, உள்ளிருந்து டக், டக் என்று சத்தம் கேட்டபோதும் மாமா பதறவில்லை. "டி டிரைவுல பேக்கப் இருக்குது மாப்ள, அப்புறம் என்ன?" என்றுதான் தொலைபேசியில் சொன்னார். நான் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது. சி, டி இரண்டும் அந்த ஒரே டிஸ்கின் இரு பிரிவுகள். அது போனால் கணக்கும் பேக்கப்பும் சேர்ந்தே போகும். பணம் வாங்கிக்கொண்டு இப்படி ஓர் அமைப்பைச் செய்து கொடுத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. கொங்குப் பகுதியில் எத்தனை கடைகளில் இதே அமைப்பு இருக்கிறதோ என்ற கவலை எனக்கு உண்மையாகவே உண்டு.

நான் போய்ச் சேருவதற்கு முன்பே அந்தப் பராமரிப்புக்காரர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். "செக் டிஸ்க் ஓட்டி விடுங்க, காலையில சரியாயிடும்" என்று கணக்கரிடம் தொலைபேசியில் சொல்லி, இரவு முழுவதும் அதை ஓட வைத்திருந்தார். செக் டிஸ்க் என்பது கோப்பு அமைப்பைச் சீர்செய்யும் கருவி. தேய்ந்துபோன டிஸ்கைக் காப்பாற்றும் கருவி அல்ல. பழுதான செக்டர்களையும் (டிஸ்கில் தரவு பதியும் சிறு பகுதிகள்) தேடும்படி அதை ஓட்டினால், சாகக் கிடக்கும் டிஸ்கை முனையிலிருந்து முனைவரை படிக்கச் சொல்லி வதைப்பதோடு, கோப்புகளின் பதிவுகளையும் அதே டிஸ்கில் மாற்றி எழுதிவிடும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்தேன். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களைக் காட்டும் சி5 என்ற வரி மஞ்சளாகியிருந்தது. அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு கணினியை உடனே அணைத்தேன். கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, முதல் ஸ்கேன் பிழை தோன்றிய டிஸ்க் அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையே தோன்றாததைவிட 39 மடங்கு அதிகம். முன்னறிவிப்பே இல்லாமல் போகும் டிஸ்குகளும் ஏராளம் என்று அதே கட்டுரை சொல்கிறது. ஆகவே அப்படி ஓர் அறிகுறி தெரிந்தால் முதல் வேலை நகலெடுப்பதுதான்.

டக் டக் சத்தம் வந்துவிட்ட டிஸ்கை வீட்டில் வைத்துப் பார்ப்பது சரியல்ல என்பதால், கோயம்புத்தூரில் டேட்டா ரெக்கவரி என்று பலகை வைத்திருந்த ஒரு கடையில் கொடுத்தோம். தரவு கிடைக்காவிட்டால் கட்டணம் இல்லை என்றார்கள். அடுத்த வாரம், ஹெட் (டிஸ்கின் தட்டிலிருந்து தரவைப் படிக்கும் முனை) போய்விட்டது, அதே மாடல் டிஸ்க் ஒன்றை வாங்கி அதன் ஹெட்டை எடுத்துப் பொருத்த வேண்டும் என்று சொல்லி 12,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். பிறகு கடைக்கு வரச் சொல்லி, திரையில் கோப்புகளின் பட்டியலைக் காட்டினார்கள். ஆண்டுவாரியாக டேலி ஃபோல்டர்கள், தேதி, அளவு எல்லாம் அச்சு அசலாக இருந்தன. மாமா அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். ஒரு கோப்பைத் திறந்து காட்டுங்கள் என்று நான் கேட்டதற்கு, முழுத்தொகை கட்டிய பிறகே திறக்க முடியும், அதுதான் கடை விதி என்றார்கள். மாமா மீதிப் பணத்தைக் கட்டிவிட்டார்.

அவர்கள் கொடுத்த பென் டிரைவில் இருந்த ஒரு கம்பெனியைக்கூட (டேலியில் ஒரு நிறுவனத்தின் கணக்குத் தொகுப்பு) டேலி திறக்கவில்லை. கோப்பில் உள்ள பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தேன். முதல் வரி முதல் கடைசி வரி வரை 00, 00, 00 என்று வெறும் சுழியங்களே இருந்தன. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் கோப்பின் பெயர், அளவு, தேதி ஆகியவை எம்எஃப்டி என்ற தனி அட்டவணையில் இருக்கும். உள்ளடக்கம் டிஸ்கில் வேறு இடங்களில் இருக்கும். புத்தகத்தின் பக்கங்கள் எல்லாம் கிழிந்துபோன பிறகும் பொருளடக்கம் மட்டும் பத்திரமாக இருக்கலாம் அல்லவா? அந்தப் பொருளடக்கத்தைக் காட்டித்தான் பணத்தை வாங்கினார்கள்.

திரும்பி வந்த டிஸ்கின் மூடித் திருகுகள் வழுக்கிச் சிதைந்திருந்தன. லேபிளின் நடுவே மறைந்திருக்கும் திருகுக்காகக் காகிதம் குத்திக் கிழிக்கப்பட்டிருந்தது. தூசி புகாத சுத்த அறை வசதி உள்ள வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அவர்கள் கட்டணம் வாங்காமலேயே படங்களுடன் பதில் அனுப்பினார்கள்: தட்டில் வட்டமாக ஆழ்ந்த கீறல், ஓரத்தில் விரல் ரேகை. தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி மட்டுமே. சாதாரண அறையில் மூடியைத் திறந்தால் விழும் ஒரு தூசியே அந்த இடைவெளியைவிடப் பன்மடங்கு பெரியது. இனி யாராலும் எதுவும் செய்ய முடியாது என்பதே அவர்கள் முடிவு.

ஜிஎஸ்டி தளத்திலிருந்து தாக்கல் செய்த ரிட்டர்ன்களை இறக்கிக்கொள்ள முடிந்தது. வங்கிக் கணக்கு விவரங்களும் கிடைத்தன. ஆனால் சில்லறைக் கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற பற்று வரவு எந்தத் தளத்திலும் இல்லை. ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்வதால், மாமாவுக்கு அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

இப்படி ஒரு கடையில் டிஸ்கைக் கொடுக்க நேர்ந்தால், அதன் சீரியல் எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். முதலில் செக்டர் செக்டராக முழு நகல் எடுத்து, நகலின் மீது மட்டுமே வேலை செய்வீர்களா என்று கேளுங்கள். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ போன்ற கருவிகள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான பகுதிகளைக் கடைசியில் முயல்வதற்கென்றே உள்ளவை. அதைக் கேட்டதும் விழிப்பவரிடம் டிஸ்கைக் கொடுக்காதீர்கள். மூடியைத் திறக்க வேண்டும் என்றால் எந்த இடத்தில் திறக்கிறார்கள் என்று நேரில் பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் கோப்பு உங்கள் கண் முன்னே திறந்து ஓடிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

மண்டியில் இப்போது இரண்டு வெளி டிஸ்குகள் மாறி மாறி நகலெடுக்கின்றன. ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கிறது. நகல் முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுகிறோம், ஏனெனில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் இணைத்தே இருக்கும் டிஸ்கும் பூட்டப்பட்டுவிடும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து, டேலியில் திறந்து, பாக்கித் தொகைகளைச் சரிபார்க்கிறார் கணக்கர்.

ஏற்கெனவே இப்படி ஏமாந்தவர்கள் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், டிஸ்கின் படங்கள் எதையும் அழித்துவிட வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். மாவட்ட ஆணையத்தில் புகார் தர இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் ஏதும் இல்லை.