ஆர்.எக்ஸ் 100: படத்தில் மிதக்கும், பாளையில் அடைத்துக்கொள்ளும்

மாலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியின் பாளை (பாளையங்கோட்டை) மார்க்கெட்டில் கிளம்பி முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஆற்றுப்பாலம், ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம். அப்படியே டவுன் ரத வீதியில் ஒரு சுற்று, திரும்ப அதே வழி. போய்ச் சேரவேண்டிய இடம் என்று எதுவும் கிடையாது. நாலு பேர் பார்க்கவேண்டும், நாலு பேரைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். 'ரவுண்டு அடிக்கது' என்று நெல்லையில் இதற்குப் பெயர். இந்த ரவுண்டுக்கென்றே பிறந்த வண்டி மாதிரி இன்றுவரை பேசப்படுவது யமஹா ஆர்.எக்ஸ் 100. இப்போது அதைத் தேடி அலைகிறவர்களில் பாதிப்பேர் கல்லூரி நாளில் அதைப் பார்த்து ஏங்கியவர்கள், மீதிப்பேர் ரீல்ஸ் பார்த்து வருகிற பொடியன்கள். இரு தரப்புக்கும் முதலில் சொல்லவேண்டியது ஒன்றுதான்: இந்த வண்டிக்குப் பிடிக்காத ஒரே வேலை, ரவுண்டு அடிப்பது.

காரணம் எஞ்சினில் இருக்கிறது. 98 சி.சி., ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், போர் (சிலிண்டரின் குறுக்களவு) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50. சுமார் 11 குதிரைத்திறன். அது முழுசாகக் கிடைப்பது 7500 ஆர்.பி.எம்.மில், இழுவை உச்சம் 6500-க்குப் பக்கத்தில். சுமார் 100 கிலோ எடையுள்ள வண்டிக்கு இது தாராளம். அதனால்தான் கியர் மாற்றியதும் அப்படித் துள்ளுகிறது. ஆனால் ரத வீதியில் இரண்டாம் கியரில் 20, 25 வேகத்தில் உருட்டும்போது எஞ்சின் அந்த உச்சத்துக்கு வெகு கீழே கிடக்கிறது. எரிந்த புகை முழுசாக வெளியேறுவதில்லை, புதுப் பெட்ரோல் கலவை சரியாகப் பற்றுவதில்லை. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் வெடிக்கும். 'டப்... டடப்... டப்' என்று திக்குகிற சத்தம் அதுதான். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்தே வரும் 2டி ஆயில் எரியாமல் ஸ்பார்க் பிளக்கின் முனையில் ஒட்டி ஈரமாகிறது. டவுனிலிருந்து திரும்பி வருவதற்குள் மிஸ்ஸிங், அடுத்த சிக்னலில் ஆஃப். பத்துப் பேர் பார்க்க பிளக் ஸ்பேனரோடு ஓரமாக உட்காரவேண்டியதுதான்.

சினிமா காட்டுவது இதற்கு நேர் எதிர். ஹீரோ மெதுவாக, ஸ்லோமோஷனில் மிதந்து வருவார், சத்தம் மட்டும் முழு த்ராட்டிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை முழுசாக முறுக்கியதுபோல் கேட்கும். 25 வேகத்தில் எந்த ஆர்.எக்ஸும் அந்தச் சத்தம் போடாது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஒரு சுற்று சுற்றினாலே ஒரு வெடி. 7500-ல் நொடிக்கு 125 வெடி வரும். அதே வேகத்தில் சுற்றும் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக்கில் அதில் பாதிதான். காதில் 'ரிங்ங்' என்று இழுக்கிற ஓசைக்கு இந்தக் கணக்குதான் அடிப்படை. அது வேகத்தின் ஓசை, உருட்டலின் ஓசை அல்ல.

அமெரிக்கக் கதையோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். 1973-ல் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ ஊரில், 1962-ல் ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. பள்ளி முடித்த பையன்கள் விடிய விடியக் காரில் ஊரைச் சுற்றுகிறார்கள். மஞ்சள் நிற 1932 ஃபோர்டு கூப்பேயை அந்தப் படம் பார்த்த யாரும் மறக்கமாட்டார்கள். அங்கே அந்த உருட்டல் பொய்யாகத் தெரியாததற்குக் காரணம் வி8 எஞ்சின். எட்டு சிலிண்டர், கீழ் ஆர்.பி.எம்.மிலேயே இழுவை, நடை வேகத்தில் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நம் பொடியன்கள் கையில் கிடைத்தது 98 சி.சி. அதே ஆசைக்கு நேர்மாறான எந்திரம். தமிழில் பைக்கை மையமாக வைத்துப் பேசப்பட்ட படம் 2007-ல் வந்த 'பொல்லாதவன்'. அதிலும் வண்டி பல்சர், அதாவது ஃபோர் ஸ்ட்ரோக். ஊருக்குள் வைத்து ஓட்ட நியாயமான தேர்வு என்றுதான் சொல்லவேண்டும்.

சரி, ஆசை விடவில்லை, ரவுண்டுக்கும் இதுதான் வேண்டும் என்றால் வண்டியை அதற்கென்று செட் பண்ணவேண்டும். முதலில் பிளக். கம்பெனி சொன்னதைவிட ஒரு படி சூடான பிளக், அதாவது முனை அதிகச் சூட்டோடு இருந்து ஒட்டியதை எரித்துவிடும் பிளக் போட்டால் ஊருக்குள் அடைப்பது பாதியாகக் குறையும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: என்.ஜி.கே.யில் எண் குறைந்தால் சூடு, பாஷில் எண் கூடினால் சூடு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் சிக்கல் இரட்டிப்பாகும். இடைவெளி 0.7 மில்லிமீட்டர் போதும். சூடான பிளக்கோடு நான்குவழிச் சாலையில் நாகர்கோவில்வரை முறுக்கிவிடக் கூடாது, பிஸ்டன் தலை உருகும். பழைய பிளக்கை சீட்டுக்கு அடியில் வைத்திருந்து, நீளப் பயணத்துக்கு முன்னால் மாற்றிக்கொள்ளவேண்டும். இரண்டு நிமிட வேலை.

அடுத்தது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர். ஏர் ஸ்குரூவை இறுக்கமில்லாமல் முழுசாக உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கால் கால் சுற்றாக நகர்த்தி, ஐட்லிங் எங்கே உயர்ந்து சீராகிறதோ அங்கே நிறுத்துங்கள். இந்த வகை கார்புரேட்டரில் ஸ்குரூவை உள்ளே விட்டால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் காற்று கூடும். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியின் கிளிப்பை மேல் வரிக்கு மாற்றினால் ஊசி இறங்கிக் கலவை மெலியும். மெலிந்தால் பிளக் சுத்தமாக இருக்கும், ஆனால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும் ஆபத்து கூடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பனங்கற்கண்டு நிறம் இருக்கவேண்டும். கரி மாதிரி கறுத்திருந்தால் கலவை அதிகம், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் அபாயம்.

அப்புறம் ஆயில். கம்பெனி கொடுத்தது ஆட்டோலூப் பம்ப். தனி டேங்கிலிருந்து, த்ராட்டில் திறப்புக்கு ஏற்ப ஆயில் தரும். மெதுவாகப் போனால் கொஞ்சம், முறுக்கினால் அதிகம். ரவுண்டு அடிக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ஆனால் இன்று கிடைக்கிற வண்டிகளில் பலவற்றில் பம்பைக் கழற்றி அடைத்திருப்பார்கள். 'பம்ப் வேண்டாம் அண்ணாச்சி, பெட்ரோல்லயே ஊத்திருங்க' என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார். கேபிள் அறுந்தால் எஞ்சின் போய்விடும் என்கிற அவர் பயம் நியாயம்தான். என்றாலும் பம்ப் வேலை செய்கிற வண்டி கிடைத்தால் விடாதீர்கள். கலந்துதான் ஓட்டவேண்டும் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, வெயில் காலத்தில் நெடுஞ்சாலை என்றால் 25. கண்மதிப்பில் 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்று 40 ஊற்றுவதுதான் ஊருக்குள் பிளக் அடைக்க முதல் காரணம்.

கலந்து ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்கவேண்டும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுவரை ஏறிவிட்டுத் திரும்பி, புளியரை நோக்கி இறங்கும்போது த்ராட்டிலை மூடிவிட்டுக் கியரிலேயே வண்டியைப் பிடித்து வந்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் வராது. பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் வராது. பிஸ்டன் வறண்டு பிடிக்கிறது இப்படித்தான். இறக்கத்தில் அவ்வப்போது த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து விடவேண்டும். பின்சக்கரம் திடீரென இறுகினால் உடனே கிளட்சை இழுங்கள். அந்த ஒரு நொடிதான் கீழே விழாமல் காக்கும்.

மெதுவாக ஒரு ரவுண்டு முடித்ததும் வண்டியை அப்படியே நிறுத்தாமல், தூத்துக்குடி ரோட்டில் கே.டி.சி நகர் பக்கம் மூன்றாம் கியரில் இரண்டு கிலோமீட்டர் முக்கால் த்ராட்டிலில் விட்டு வந்தால் பிளக்கில் ஒட்டியது எரிந்துபோகும். சைலன்சரின் பின்முனையில் ஒரு ஸ்குரூவைக் கழற்றினால் உள் பைப் வெளியே வரும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை எடுத்துக் கரியைச் சுரண்டவேண்டும். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இரண்டாயிரத்திலேயே தேவைப்படும். சத்தத்துக்காக அந்தப் பைப்பையே எடுத்துவிடுவதுதான் இந்த வண்டிக்குச் செய்கிற பெரிய கெடுதல். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வெறும் புகைபோக்கி அல்ல. அதன் உள்ளே திரும்பி வருகிற அழுத்த அலைதான் எரியாத கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. பைப் போனால் கீழ் இழுவை போச்சு, மைலேஜும் போச்சு. மிஞ்சுவது இரைச்சல் மட்டும். 80-க்கும் 175-க்கும் இடைப்பட்ட சி.சி.யில் புதிதாகத் தயாரிக்கும் வண்டிகளுக்கு விதி 77 டெசிபல்; பைப் இல்லாத ஆர்.எக்ஸ் வருவதை வண்ணார்பேட்டை போலீஸ் டெசிபல் மீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கும்.

வாங்குகிற விஷயம். 1985 நவம்பரில் வந்தது, புகைக் கட்டுப்பாடு இறுகிய 1996-ல் உற்பத்தி நின்றது. அதனால் எந்த ஆர்.எக்ஸ் 100-க்கும் இன்று 25 வயதுக்கு மேல். 'ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆவும்' என்று விற்பவர் சொன்னால், முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் எதுவும் ஒரு கிக்கில் ஸ்டார்ட் ஆகும். ஆறிய எஞ்சினில் கிக்கர்மேல் மெதுவாக உடல் எடையை இறக்குங்கள். கால் நின்று, பிறகு தயங்கி இறங்கவேண்டும். சடக்கென்று தரைக்குப் போனால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது.

ஓடவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கியர் ஆயில் மட்டமும் குறைந்துகொண்டே போனால், கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் வழியாக எஞ்சின் கியர் ஆயிலைக் குடிக்கிறது. மேக்னெட் பக்கத்து சீல் போனால் புகை இருக்காது; அதற்குப் பதில் ஐட்லிங் தானாக ஏறிப்போய் இறங்க மறுக்கும். வெளிக்காற்று உள்ளே இழுபட்டுக் கலவை மெலிந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் வண்டி முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஓடுகிற மாதிரி தெரியும், ஒரு வாரத்தில் பிஸ்டன் பிடிக்கும்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவதுதான் 'போர் போடுவது'; அது எத்தனை முறை நடந்திருக்கிறது என்று கேளுங்கள். அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என நான்கு படி. கடைசிப் படியில் இருக்கிற சிலிண்டர் பிளாக்கை வாங்கினால் அடுத்தது ஸ்லீவ்தான், அதாவது சிலிண்டருக்குப் புது உள்ளுறை. புதிதாகப் போர் போடுவதாக இருந்தால், பிஸ்டனை லேத்துக்காரர் கையில் கொடுத்து அதன் அளவுக்குப் போர் போடச் சொல்லவேண்டும். அளவை மட்டும் சொல்லிவிட்டு வரக்கூடாது. சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் (துளை) விளிம்புகளை லேசாகச் சாய்க்காமல் விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். ரிங்கின் வாய் பிஸ்டனில் இருக்கும் சிறு பின்னில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே பிளாக்கை இறக்கவேண்டும். முதல் 500 கிலோமீட்டர் லிட்டருக்கு 40 மில்லி ஆயில், 50 வேகத்துக்கு மேல் வேண்டாம், அரை மணிக்கு ஒருமுறை ஆறவிடவேண்டும்.

எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்திருக்கவேண்டும். எண் ஆர்.எக்ஸ் 100-க்கு உரிய '1எல்1' என்று தொடங்குவதைப் பார்த்துவிட்டு நிம்மதியடைந்துவிடாதீர்கள். ஆர்.எக்ஸ் 135-க்கும் ஸ்ட்ரோக் அதே 50, போர் மட்டும் 58. அதனால் 100-ன் கிராங்க் கேஸில் 135 பிளாக்கை உட்கார வைத்து விற்பது பழைய வித்தை. ஓட நன்றாகத்தான் இருக்கும், ஆர்.சி.யில் 98 சி.சி. என்று இருக்கிறவரை அது சட்டத்துக்குப் புறம்பு, இன்சூரன்ஸ் கேட்கும்போது தலைவலி. ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். 15 வருடம் முடிந்தபின் ஐந்தைந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும், விட்டுப்போன மாதங்களுக்குத் தாமதக் கட்டணம் சேர்ந்திருக்கும். டி.என் 72 இல்லாமல் வேறு மாவட்ட எண் என்றால் அந்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று கையில் வராமல் முழுப் பணம் கொடுக்கவேண்டாம். மயில் நீலத்தில் பளபளவென்று பெயின்ட் அடித்து லட்சத்துக்கு மேல் சொல்கிற வண்டியைவிட, பழைய பெயின்டோடு, தாள் எல்லாம் சரியாக இருக்கிற வண்டியே மேல். பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம்.

பையனுக்கு வாங்கித் தருகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கியர் வண்டிக்கு 18 வயது ஆகவேண்டும். அதற்குக் கீழ் உள்ளவர் ஓட்டி மாட்டினால், 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுவரை சிறையும். வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்தாகும். சினிமாப் பொடியன்களிடம் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை, அது வேறு.

ஓட்டும்போது பிரேக்கை நம்பி நெருங்காதீர்கள். இரண்டு பக்கமும் 130 மில்லிமீட்டர் டிரம்தான், மழையில் நனைந்தால் முதல் இழுப்புக்குப் பிடிக்காது. ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு பக்கம் போனால் இந்த எடையையும் 2.50 அளவு முன் டயரையும் காற்று பக்கவாட்டில் தள்ளும். லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், உடம்பைக் குனிந்து தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய இ20 பெட்ரோல் பழைய ரப்பரை ஊதவைக்கிறது. பெட்ரோல் ஹோஸ், டேப் வாஷர், ஃப்ளோட் ஊசி மூன்றையும் வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள். ஊசி ஒழுங்காக அடைக்காத வண்டியில் ராத்திரி டேப்பை மூட மறந்தால் காலையில் கிராங்க் அறை பெட்ரோலால் நிறைந்திருக்கும், எத்தனை உதைத்தாலும் பிடிக்காது. டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, த்ராட்டிலை முழுசாகத் திறந்து பத்துப் பதினைந்து தடவை உதைத்து வெளியேற்றுங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டி, டேப்பைத் திறக்காமலே மறுபடி உதையுங்கள். பிடித்து, புகை அடங்கிய பிறகு டேப்பைத் திறந்தால் போதும்.