லுபுண்டுவா, ஆன்டிஎக்ஸா? பழைய மடிக்கணினிக்கு ஏற்றது எது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் மாலைத் தமிழ் வகுப்புக்கு யாரேனும் நன்கொடையாகத் தரும் 2 ஜிபி நினைவக மடிக்கணினியை லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் என்ற இரு லினக்ஸ் இயங்குதளங்களில் (விண்டோஸுக்கு மாற்றானவை) ஒன்றை நிறுவி மீண்டும் பயன்படுத்த விரும்புவோர், முதலில் அதன் செயலி பழைய 32 பிட் வகையா, புதிய 64 பிட் வகையா என்று பார்க்க வேண்டும். லுபுண்டு 2019 முதல் 32 பிட் பதிப்பை வெளியிடுவதில்லை. ஆகவே 32 பிட் செயலி என்றால் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 தவிர, இவ்விரண்டில் வேறு வழியில்லை.

64 பிட் என்றால்தான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. எல்எக்ஸ்கியூடி என்ற திரைச்சூழலுடன் (பட்டிகள், சாளரங்கள் அடங்கிய திரை அமைப்பு) வரும் லுபுண்டுவில் தமிழ் விசைப்பலகையை அமைப்புப் பலகத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், கணினிப் பழக்கம் குறைந்த ஆசிரியரும் தடுமாறமாட்டார். ஐஸ்டபிள்யூஎம் என்ற சாளர மேலாளரை (திரையில் சாளரங்களைக் கையாளும் எளிய நிரல்) நம்பும் ஆன்டிஎக்ஸோ தோற்றத்தில் வறட்சியானது. சில அமைப்புகளுக்கு உரைக்கோப்பைத் திறந்து கைப்படத் திருத்த நேரிடும். ஆனால் அது நினைவகத்தை மிகச் சிக்கனமாகவே எடுத்துக்கொள்ளும். பென்டிரைவிலிருந்தே இயங்கி, செய்த மாற்றங்களை அதிலேயே சேமித்தும் வைக்கும். வன்வட்டு பழுதான கணினிக்கு இது பெரிய வசதி.

உலாவியில் பத்துத் தாவல்களைத் திறப்பவருக்கு இரண்டுமே உதவா. அங்கே நினைவகத்தை விழுங்குவது உலாவிதான். 2 ஜிபிக்கு ஆன்டிஎக்ஸையும், 4 ஜிபிக்கு லுபுண்டுவையும் நான் பரிந்துரைப்பேன்.