மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு: ஒரு கோடை கழிந்தபின்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்களுடையது மேல்மாடி வீடு. கத்திரி வெயிலில் பகலைக்கூட ஓட்டிவிடலாம், இரவுதான் பெரும்பாடு. பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கான்கிரீட் கூரை ஏழு மணிக்கு மேல் உள்ளே இறக்கும். மின்விசிறி அந்த அனலை அள்ளித் தலையில் கொட்டும். போன வருடம் மே மாதம், 74 வயது அத்தை கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். தாகமே எடுக்கவில்லை என்றார். வயதானவர்களுக்குத் தாகம் தெரியாமலேயே உடம்பு வற்றிவிடுமாம். அதற்குப் பிறகுதான், கூரை சூடேறாமல் வெயிலைத் திருப்பி அனுப்பும் இந்த வெள்ளைப் பூச்சை வாங்கினேன்.

20 லிட்டர் வாளி, நாலாயிரத்து எழுநூறு ரூபாய். 600 சதுர அடிக்கு இரண்டு கோட்டிங் தாராளமாக வரும் என்றார் கடைக்காரர். வரவில்லை. எங்கள் தளம் சொரசொரப்பு, முதல் கோட்டிங்கையே மடமடவென்று குடித்துவிட்டது. இன்னும் 4 லிட்டர் வாங்கினேன். பாசியைச் சுரண்டி, கழுவி, காயவிடுவதற்குத்தான் கூலி அதிகம். பெயின்டர் காலை பதினொரு மணிக்கு வந்து நின்றார். சுடுகிற தளத்தில் அடித்தால் உரிந்துவிடும் என்று வாளியிலேயே போட்டிருப்பதைக் காட்டி, மறுநாள் ஆறு மணிக்கு வரச் சொன்னேன். அவர் தலைக்கும் அதுதான் நல்லது.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானி மாட்டியிருக்கிறேன். அடிப்பதற்கு முன் இரவு ஒன்பது மணிக்கு 36 டிகிரி காட்டியது. அடித்தபின், அதே அளவு வெயில் காய்ந்த ஒரு நாளில் 33. வாளியில் ‘10 டிகிரி வரை குறையும்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது கூரையின் மேற்பரப்புக்கு, அறைக்கு இல்லை. இதைப் பொடி எழுத்திலாவது சொல்லியிருக்கலாம். ஆனாலும் மூன்று டிகிரி லேசானதில்லை. முன்பெல்லாம் ஸ்டூலில் ஏறி சீலிங்கைத் தொட்டால் இட்லிப் பானை மூடியைத் தொட்டதுபோல் இருக்கும். இப்போது வெறும் வெதுவெதுப்பு. அத்தை விடியும்வரை தூங்குகிறார்.

அதற்காக மெத்தனமாக இருந்துவிடவில்லை. மண்பானைத் தண்ணீரை மணிக்கொரு தடவை நான்தான் நீட்டுகிறேன். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அலமாரியில் எப்போதும் இருக்கிறது. உடம்பு கொதித்துப் பேச்சுக் குழறினால், வாயில் எதையும் புகட்டிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைத்துவிட்டு, ஈரத் துணியால் உடம்பை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

குறைகள் உண்டு. மத்தியானம் மாடிக்குப் போனால் கண் கூசுகிறது. மழை பெய்தால் வழுக்குகிறது. புழுதி படிந்தால் வெண்மை மங்கிவிடுகிறது, கழுவியாக வேண்டும். கறுப்புத் தொட்டியில் தண்ணீர் அன்றுபோல் இன்றும் கொதிக்கிறது. கையில் காசு இல்லாதவர்கள் சுண்ணாம்பே அடிக்கலாம். செலவு மிகக் குறைவு, ஆனால் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது.

அத்தைக்கு வேறொரு வருத்தம். ஒரே நாளில் சுக்காகக் காய்ந்த கூழ் வடாம் இப்போது இரண்டு நாள் எடுக்கிறது. அடியில் சூடு இல்லையாம். “ஏம்மா, ஒரு மூலையை மட்டுமாவது விட்டு அடிக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?” என்கிறார்.