டியூஷனுக்கு ஏஐ செயலி: ஐந்துக்கு மூன்றரை

வீட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒரு ஏஐ அரட்டைச் செயலியின் இலவசப் பதிப்பை என் போனில், என் கணக்கிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்துதான் அவர்களிடம் கொடுக்கிறேன். ஏனென்றால் இந்த மாதிரிச் செயலிகளுக்கு வயது வரம்பு உண்டு; உதாரணத்துக்கு, சாட்ஜிபிடி விதியிலேயே 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் ஆகவில்லை.

அடர்த்தி பாடம் நடந்தது. 'நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி' என்று புத்தகத்தில் இருப்பதையே செயலியும் சொன்னது. "இன்னும் ஈஸியா சொல்லு" என்றாள் ஒருத்தி. அதே வரி, பொம்மைப் படங்களோடு இரண்டு பத்தி நீண்டு வந்தது. "எங்கே இடிக்குதுன்னு அதுகிட்ட சொல்லும்மா" என்றேன். "எதுக்கு வகுக்கணும்?" என்று கேட்டாள். அப்புறம்தான் உருப்படியாகப் பதில் வந்தது: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதே ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் சுமார் 800 கிராம், பாதரசம் 13.6 கிலோ, அளவைச் சமமாக வைத்தால்தானே எது கனம் என்று ஒப்பிட முடியும், அதற்குத்தான் வகுக்கிறோம். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த இடத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஒன்றரை மதிப்பெண்ணைக் குறைத்தது ஏன் என்றால், ரொம்ப எளிமையாகக் கேட்டால் தப்பாகச் சொல்லிவிடுகிறது. இன்னொரு பையன் "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்றான். 'கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும்' என்றது. நான் எதுவும் சொல்லாமல், "தேங்காய் மிதக்குது, குண்டூசி ஏன் முங்குது?" என்று தட்டச்சொன்னேன். உடனே மன்னிப்பு கேட்டுவிட்டு, மொத்த எடை முக்கியமில்லை, தண்ணீரைவிட அடர்த்தி கூடவா குறைவா என்பதுதான் கணக்கு என்று சரியாக விளக்கியது. கேட்காமல் விட்டிருந்தால் பையன் முதல் பதிலைப் பரீட்சையில் எழுதியிருப்பான். எளிய பதில் வந்ததும் "இது எங்கே ஒத்துவராது?" என்று கேட்பதை இப்போது எல்லோருக்கும் பழக்கியிருக்கிறேன்.

தமிழில் பேசினால் ஓரளவு புரிந்துகொள்கிறது, ஆனால் பதில் செய்தி வாசிப்பது மாதிரி வரும். புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே இலவச வரம்பு தீர்ந்துவிடும். அதற்காகக் காசு கட்ட வேண்டியதில்லை. கேள்வியைத் தட்டியே கேட்கலாம், பிள்ளைகளுக்கும் எழுதிப் பழகியது போல் இருக்கும்.